பரிசீலனையில்

பரதராமி செக்போஸ்ட் தாண்டினால்
போன் ஒருமுறை அதிரும்.
ஆந்திரா வரவேற்கிறதாம்.
விடிந்து வேலை முடிந்து திரும்பினால்
தமிழ்நாடும் வரவேற்கும்.
இரண்டு தடவையும் வண்டியை ஓரங்கட்டி
சட்டைப் பைக்குள் கைவிடுகிறேன்,
பத்தொன்பது நாளாக.

கல்லூரியிலிருந்து இல்லை.

பி.எஸ்சி. இயற்பியல், முதலாமாண்டு,
முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு.
'படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம்'
என்றொரு கட்டம்.
நாற்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
இருபத்திரண்டு வருஷத்தை
ராணுவ சேவை என்று அடைத்தேன்.
அப்படியும் இடம் மிஞ்சியது.

குடியாத்தத்தில் கவுண்ட்டர் அம்மா
தலை நிமிராமல் கேட்டார்:
பையனுக்கா, பொண்ணுக்கா?
எனக்குத்தான் மேடம்.
நிமிர்ந்தார்.
என் டி.சி.யின் மடிப்பில் ஓட்டை விழுந்திருந்தது.
அதில் நடத்தை: திருப்தி.
டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தை: மிகச் சிறப்பு.
முன்னேறித்தான் இருக்கீங்க என்று சிரித்து
முத்திரை குத்தினார்.

சிக்னல்ஸில் இருந்தேன்.
மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவன் குரலை
இந்தப்பக்கம் இறக்கித் தருவது வேலை.
ஆண்டெனாவை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்
தெரியும்.
ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டேன் ஒருநாள்.
திருப்பு என்றார்கள்.
திருப்பினேன். குரல் வந்தது.
கேள்வி மட்டும்
பெட்டி படுக்கையோடு
லே, ஜோத்பூர், தேஜ்பூர் என்று
என்கூடவே மாற்றலாகி வந்தது.

ஓவர் சொன்னதும் பட்டனிலிருந்து
விரலை எடுத்துவிட வேண்டும்.
அமுக்கியே வைத்திருந்தால்
எதிர்க்குரல் வராது.
புதுசாக வந்த பையன்களுக்கு
நான்தான் இதைச் சொல்லித் தருவேன்.
அதே விரல் இப்போது
நிமிஷத்துக்கொரு தரம்
அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது.
காத்திருப்போர் பட்டியல்: 14.
நிலை: பரிசீலனையில்.

ஆனி மாதம்.
மாங்கூழ் ஆலை வாசலில்
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
ஒன்றரை கிலோமீட்டர்.
டோக்கன் கொடுப்பவன் நான்.
எப்புடு சார், என்று வருகிறார்கள்
லுங்கியெல்லாம் பால் கறையோடு.
செப்தா, என்கிறேன்.
சொல்கிறேன், சொல்கிறேன்.
எனக்கே தெரியாது என்பதை
இரண்டு மொழியிலும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் பழம் வியர்க்கும்.
அடித்தட்டிலிருந்து சாறு ஒழுகி
தார் ரோட்டில் ஈக்கு ஊரே கூடும்.

டோக்கன் 216, பங்காருபாளையத்து கோவர்த்தன நாயுடு
நேற்று ராத்திரி பீடிக்கு நெருப்பு கேட்டு வந்தார்.
உங்களுக்கென்ன, கேட்டுக்கு உள்ளே நிற்பவர், என்றார்.
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்:
நானும் லைனில்தான். பதினாலு.
பதினாலா! என்று தொடையில் தட்டினார்.
நல்ல நம்பராச்சே. என்ன சரக்கு?
நான்தான் சரக்கு.
அவர் சிரிக்கவில்லை.
பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு
எத்தனை நாள் தாங்கும், என்று கேட்டார்,
வியாபாரி கேட்கிற மாதிரி,
அக்கறையாக.

வீட்டில் தமயந்தி எதுவும் கேட்பதில்லை.
மளிகைச் சீட்டில் மட்டும்
துவரம் பருப்புக்கும் சோப்புக்கும் நடுவே
அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி:
லாங் சைஸ் நோட்டு, கோடு போடாதது, 2.
வாங்கவா வேண்டாமா என்று தெரியாமல்
மூன்று கடை தாண்டி வந்துவிட்டேன்.

இன்று நாலு மணிக்கு உள்ளே எடைமேடை காலியாகி
216 என்று கத்தினார்கள்.
வண்டிக்கடியிலிருந்து நாயுடு
துண்டை உதறி எழுந்து ஓடினார்.
கயிற்றை இழுத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கினேன்.
டிராக்டர் உறுமி, பின்னால் போய், முன்னால் வந்தது.

பையில் போன் அதிர்ந்தது.

எல்லைப் பக்கத்துக் காற்றில்
டவர் மாறினால்கூட அதிரும்.
கயிற்றை விட்டால்
கம்பி நாயுடுவின் தலையில் விழும்.
டிரெய்லரின் பின்சக்கரம்
இன்னும் வெளியேதான் இருக்கிறது.