கைகூடாதது

ஓட்டேரியில் மெட்ரோ தகரம் வளைகிற இடத்தில்
ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மணிக்கட்டில் இரண்டு முறிவு.
ஆறு வாரம் மாவுக்கட்டு.

அறுத்துப் பிரித்த அன்று
உள்ளிருந்து வந்த கையை
எனக்கு முன்பின் பழக்கமில்லை.
பளபளவென்று, கொஞ்சம் ஊதா,
முழங்கை வரை கறுகறுவென்று ரோமம்,
என் தம்பிக்குக்கூட அவ்வளவு இல்லை.
நகம் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து
அதுவே வளர்க்கிறது.

டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"எலும்பு கூடிடுச்சும்மா."
எலும்பு கூடியது.
கைகூடவில்லை.

ஃபேனை ஒன்றில் வைத்தாலும்
காற்றில் யாரோ மிளகாய்த்தூள் தூவுகிறார்கள்.
துப்பட்டா நுனி உரசினால் கத்திவிடுகிறேன்.
ஊசியால் குத்திப் பார்த்தாலோ
வேறு யாருக்கோ குத்துகிறது.

"மழை வந்தா வலிக்குமாமே?"
மூன்றாம் மாடி புஷ்பராணி கேட்கிறாள்.
மழைக்கு ஒன்றுமில்லை.
29சி பிரேக் போட்டால் வலிக்கிறது.
குக்கர் விசிலுக்கு மோதிர விரல்
தானாகத் துள்ளுகிறது.

ஆபீஸ் வாசலில் ரேகை மெஷின்.
கட்டைவிரலை வைத்தால்
"பதிவு இல்லை" என்கிறாள் உள்ளே இருப்பவள்,
பதினோரு வருஷமாய்த் தினம் பார்த்தவள்.
கதிரேசன் சார் இடது விரலைப் பதிந்துகொண்டு
பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதினார்.
எது என்று நான் கேட்கவில்லை.

அக்னி நட்சத்திரம்.
ஊர் முழுக்க உடம்பெல்லாம் வியர்க்கிறது.
எனக்கு இந்த உள்ளங்கை தனியாக வியர்க்கிறது,
அதுவும் ஜில்லென்று.
கரண்ட் போன ராத்திரி
ரோஷன் அதை இழுத்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குகிறான்.
எரிகிறது.
எடுக்கவில்லை.

பிசியோதெரபி பெனாசிர்
வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து
இடது கையை முன்னால் வைத்தாள்.
"கண்ணாடியை மட்டும் பாருங்க. மடக்குங்க."
அங்கே என் வலது கை
முனகாமல் மடங்கியது, வளையல் சறுக்க.
"மூளைகிட்ட ஒரு பொய் சொல்றோம், அக்கா.
நம்புற வரைக்கும் சொல்லணும்."

வீட்டில் இருப்பது
பாத்ரூம் சுவரில் பதித்த கண்ணாடி ஒன்றுதான்.
ரோஷன் எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து
எதிரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
விரல்கள் அதில் கோணலாய், நீளமாய்,
ஆறா ஐந்தா என்று தெரியாமல் நெளிந்தன.
"பரவால்ல, மடக்கும்மா."
மடக்கினேன்.

தட்டுக்குப் பின்னால்
சுண்டுவிரல் கொஞ்சம்
கூடவே வந்த மாதிரி இருந்தது.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.