கடைசிப் பெனால்டி

கொல்கத்தா கிளப்பில் கிளீற்றஸ் முதல் கோல்கீப்பர்.
நான் பெஞ்சு.
தொண்ணூற்றொன்பது ஜூன்,
ரேடியோவில் ஒரே மலைப்பெயர்கள்.
அந்த மாசச் சம்பளம்கூட வாங்காமல்
பட்டாளத்தில் சேரப் போனான்.
ஒன்றாம் நம்பர் ஜெர்சி எனக்கு.
யாரிடமும் சொன்னதில்லை,
அன்று ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் பயிற்சி முடிவதற்குள் சண்டை முடிந்தது.
பனி முடியவில்லை.
இடதுகை விரல் இரண்டை அங்கேயே விட்டுவிட்டு
மூன்றாம் வருஷம் ஊருக்கு வந்தான்.

தூத்தூர் மைதானம், கிறிஸ்துமஸ் டூர்ணமெண்ட்.
அவர்களுக்கும் எங்கள் சின்னத்துறைக்கும் சமன்.
பத்துப் பத்துப் பேர் அடித்தாயிற்று,
மிச்சம் கோல்கீப்பர்கள்.
கடல்காற்றில் பந்து நிற்கவில்லை,
குதிகாலால் மணலைக் குழித்து வைக்கிறேன்.
அவன் கையுறையில் இரண்டு விரல்
மடங்கி மடங்கி ஆடுகிறது.

அவனுக்கு வலப்பக்கம் அடித்தேன்.
நான் அடிக்குமுன்பே
அங்கே பாய்ந்திருந்தான்.
பந்து அவன் நெஞ்சில்.

எழுந்து மணலைத் துப்பினான்.
"நீ பாவம் பாப்பேண்ணு எனக்குத் தெரியும்லே."
பந்தை எடுத்துக்கொண்டு
புள்ளியை நோக்கி நடந்தான்.
"இப்பம் போய் நில்லு.
நான் பாக்க மாட்டேன்."