எட்டாவது துளை

திரும்பி வந்திருக்கிறது,
போன ஆவணியில் நான் வெட்டி அனுப்பிய பட்டை.
துணிப்பைக்குள் சாரைப்பாம்பாய்ச் சுருண்டு,
'இதே போல் இன்னொன்று' என்ற சீட்டோடு.

நீளம் ஆயிரத்து நூற்றைம்பது மில்லிமீட்டர்,
அகலம் முப்பத்தெட்டு, கனம் நாலரை.
பித்தளைக் கொக்கி. ஏழு துளை.
அன்று ஆர்டர் தாளில் காரின் படமும் இருந்தது:
கூரை கிடையாது,
கண்ணாடி என்று உள்ளங்கை அகலத்தில் ஏதோ ஒன்று,
சக்கரங்கள் உடம்புக்கு வெளியே
தவளைக் கால்போல் அகட்டிக்கொண்டு.
ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வண்டியாம்.
"எங்கம்மாவுக்கு மூணு வயசு மூத்தது சார்."
"ஆனா இன்னும் ரேஸுக்குப் போவுது பாரு."
"அம்மாவும்தான். காலைல அஞ்சே முக்கா பஸ்ஸுக்கு."
இலியாஸ் சார் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

பானட்டை இறுக்கிப் பிடிப்பது இந்தப் பட்டையின் வேலை.
அறுந்தால் தகரம் எழுந்து
ஓட்டுகிறவன் முகத்தில் அறையும்.
நூற்று முப்பது மைல் வேகத்தைக்
கட்டி வைத்திருப்பது ஒரு எருமையின் முதுகு.
பேரணாம்பட்டு ரோட்டில் நின்ற காலத்தில்
லாரி ஹாரனுக்குக்கூட
ஒதுங்கியிருக்காது அது.

எனக்குத் தெரிந்த வேகம்
மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு ஷேர் ஆட்டோ,
ஒன்பது பேர், என் பாதி உடம்பு வெளியே.

மேஜையில் விரித்தேன்.
முதல் மூன்று துளை நான் குத்தியபடியே இருக்கின்றன,
வாய் திறக்காத பிள்ளைகள்.
நாலாவது மட்டும்
வேப்பங்கொட்டை போல நீண்டுவிட்டது.
அதுவும் இடப்பக்கமாக.
வலது வளைவுகள் நிறைய உள்ள பாதை போலிருக்கிறது.
விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகல்:
புகைக்குழாய் உரசிய இடம்.
அடிப்பக்கம் ஒரு பூச்சி, ஒற்றைச் சிறகோடு,
நம்மூர்ப் பூச்சி இல்லை.
முகர்ந்து பார்த்தேன்.
சத்தியமாகச் சொல்கிறேன், விளக்கெண்ணெய்.
"அந்தக் காலத்து இன்ஜின் அதைத்தாம்மா குடிக்கும்,
இப்பவும் சிலது வேற எதையும் தொடாது" என்றார் சார்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒரு கோணல் ஓட்டை.
கத்தி முனையால் திருகி, பிசிறு பிசிறாக,
பாதை ஓரத்தில் முட்டி போட்டு
யாரோ அவசரத்தில் குடைந்தது.
முதலில் கோபம்தான் வந்தது.
என் துளைகளில் பிசிறு இருக்காது.
பிசிறு இருந்தால் செக்கிங்கில் தூக்கி எறிவார்கள்,
பேட்டாவில் பிடிப்பார்கள்.

விரல் விட்டுப் பார்த்தேன்.
நாலு தளர்ந்து போச்சு, ஐந்து எட்டவில்லை.
அந்த இடைவெளியில் பானட் படபடவென்று அடித்திருக்கும்.
கொடி அசைய இன்னும் எத்தனை நிமிஷம் இருந்ததோ,
பெயர் தெரியாத அந்தக் கை
என் கணக்கைத் திருத்தியிருக்கிறது.
அந்தக் கோணல் ஓட்டையும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.
ஆக, கடைசிவரை தாங்கியிருக்கிறது.

'இதே போல்' என்றால் எதைப் போல்?

அளவுகோலை நகர்த்தினேன்.
இடைவெளியை ஐந்து மில்லிமீட்டர் குறைத்து
எட்டுத் துளை.
"ஏம்மா சுகிர்தா, படத்துல ஏழுதானே?"
"படம் ஏழு சார். வண்டி எட்டு கேட்டிருக்கு."
ரேட் ஏறாதே என்றார்.
ஏற வேண்டாம், துளைக்கு யார் காசு கேட்டது.
கொக்கியை மாட்டி, மறுமுனையைக் காலில் சுற்றி,
என் அறுபத்திரண்டு கிலோவையும் போட்டுத் தொங்கினேன்.
பட்டை முனகவில்லை.

பழையதை என் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
கேட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள்
மூக்கை உறிஞ்சினாள்.
"விளக்கெண்ணெயா வாசனை வருது? வயித்துக்கா, தலைக்கா?"
"ரேஸுக்கு" என்றேன்.
அவள் கொஞ்சம் தள்ளி உட்கார,
எனக்கு முழு சீட்டு கிடைத்தது.