வெயிலுக்கு இழுத்த பெஞ்சு

திஹோமிர் வந்த முதல் நாள்
பந்தைப் பற்றிப் பேசவில்லை.
கூரைக்கடியில் கிடந்த
மாற்று ஆட்டக்காரர் பெஞ்சை
நாலு பேரை விட்டு வெயிலுக்கு இழுக்கச் சொன்னார்.
"உள்ளே ஓடுகிறவன் காய்கிறான்.
உட்கார்ந்திருக்கிறவனும் காயட்டும்."
மொழிபெயர்த்த பையன் மலாயில் சொல்லும்போது
கொஞ்சம் மரியாதை சேர்த்துக்கொண்டான்.

நான் மூன்றாவது கோல்கீப்பர்.
முதல் ஆளுக்கு முட்டி போய்
இரண்டாம் ஆளுக்குச் சிவப்பு அட்டை விழுந்து
அதற்கு மேலும் சாமி மனசு வைத்தால்தான் என் முறை.
லோகவேந்தன் அவர் வாய்க்குள் நுழையவில்லை.
முதுகைப் பார்த்துக் கூப்பிட்டார்:
முப்பத்தொன்று.

ஆகஸ்டில் நாலு ஆட்டம். நாலும் தோல்வி.
நாசி கண்டார் கூடாது, இனிப்புத் தண்ணி கூடாது,
ஆட்டத்துக்கு முந்தின நாள் ரொட்டி சானாயும் கூடாது.
செப்டம்பர் மழையில்
பத்து காவான் திடல் உலைப்பானையாய்க் கொப்பளிக்க
அன்றைக்குத்தான் ஜெயித்தோம்.
ஸுல்ஃபாட்லி எங்கள் முனையிலிருந்து உதைத்த பந்து
சேற்றில் குத்தி வழுக்கி
எதிர்முனை வலைக்குள் போய் உட்கார்ந்தது.
உத்தி என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
திஹோமிர் மறுக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் ஷர்வினா கேட்பாள்:
"ஆட்டம் இருக்கா, இல்ல ஆடுறியா?"
இரண்டுக்கும் ஒரே சட்டையைத்தான் துவைக்கிறாள்.
வேர்வை நாற்றம் மட்டும் புதுசு.
போன வருஷம் அதுகூட இல்லை.

அக்டோபர் சம்பளம் வரவில்லை.
நவம்பர் சம்பளம் அக்டோபரைத் தேடிப் போனது.
கணக்குப் பார்க்கும் பெண்
ஒவ்வொரு திங்களும் "வெள்ளிக்கிழமை" என்றாள்.
எந்த வெள்ளி என்று ஒருவரும் கேட்கவில்லை.
கொஃபி வாடகைக்காக ஒரு ஜோடி பூட்ஸ் விற்றான்.
நான் ராத்திரியில்
முதுகில் சாப்பாட்டுப் பையோடு மோட்டாரில் ஏறினேன்.

டிசம்பர். தஞ்சோங் தோக்கோங்.
பத்தொன்பதாவது மாடி.
ஒரே ஒரு மீன் கஞ்சி.
கதவைத் திறந்தது திஹோமிர்.
கையில்லாத பனியன். பின்னால் மேசை.
மேசைமேல் நாங்கள் அத்தனை பேரும்
பாட்டில் மூடிகளாக நின்றிருந்தோம்.
சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
துரு ஏறிய ஒன்று.
அது யாரென்று நான் கேட்கவில்லை.
அவர் மணிக்கட்டில்
கடிகாரம் இருந்த இடம் வெள்ளையாய் இருந்தது.

"முப்பத்தொன்று" என்றார்.
பையை வாங்கிக்கொண்டார்.
"நாளை. ஏழு மணி."
அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.
லிஃப்ட் வருவதற்குள்
கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் ஏழடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில்
என் இடது பக்கமாய்
அவரே நூறு பந்து அடித்தார்.
அறுபதுக்குமேல் நான் எண்ணவில்லை.
கஞ்சியைப் பற்றிப் பேச்சில்லை.
சம்பளத்தைப் பற்றியும்.

மே மாதம். ஒன்பதாவது இடம்.
ஜெயித்தாலும் ஏற முடியாது,
தோற்றாலும் இறங்க முடியாது.
எண்பத்தெட்டாவது நிமிஷம்
பலகையில் ஒரு எண் பச்சையாய் எரிந்தது.
யாருடையதென்று
நானும் மற்றவர்களோடு சேர்ந்து தேடினேன்.

கூடுதல் நேரத்தோடு ஆறு நிமிஷம் நின்றேன்.
பந்து அந்தப் பக்கமே கிடந்தது.
கழுத்தில் ஒரு கொசு.
கொஃபி திரும்பிப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினான்,
எதற்கென்று தெரியவில்லை.
கையுறை கடையில் வாங்கிய வெள்ளையோடு
வீட்டுக்கு வந்தது.
ஷர்வினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சட்டையை மோந்தாள்.
"ஆடியிருக்க" என்றாள்.

ஜூனில் அவர் போய்விட்டார்.
அவருக்குப் பாக்கி கிடைத்ததா தெரியாது.
எனக்கு இரண்டு மாதம் இன்னும் நிற்கிறது.

அடுத்தவர் வந்த முதல் நாள்
பெஞ்சை நிழலுக்கு இழுக்கச் சொன்னார்.
இழுத்தோம்.
புல்லில்
கால் ஊன்றிய நாலு இடம் மட்டும்
மண்ணாக இருந்தது.