கண்ணெதிரே

ஐம்பத்திரண்டு வீடு எனக்கு.
குடியாத்தம், செதுக்கரை.
ரேஷன் கடைக்குப் பின்னால் தொடங்கி
தறிச்சத்தம் ஓயும் முனை வரை.
பெரிய மாத்திரை ஒரு டப்பா, சின்னது ஒரு டப்பா,
சாக்பீஸ், பதிவேடு, விரலுக்கு மை.
தண்ணீர் மட்டும் கொண்டுபோகாதே என்பாள் சபீனா,
"நம்ம பாட்டில்ல குடுத்தா
அதுக்கொரு கதை கட்டுவாங்க."

இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம்.
பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டாம்.
வெறும் வயிற்றில் வேண்டாம்.
மற்ற எல்லோரும் விழுங்க வேண்டும்,
கண்ணெதிரே.
பயிற்சியில் இந்த ஒரு சொல்லை
மூன்று முறை சொன்னார்கள்.

சொல்லிவிடலாம்.
பீடி முறத்தை மடியில் வைத்த வள்ளியம்மா
கத்தரியை நிறுத்தாமலே சொல்கிறாள்
"அங்க வெச்சிட்டுப் போம்மா."
இன்னும் சாப்பிடவில்லை, முந்நூறு பாக்கி.
நானும் சுற்றுகிறவள்தான்.
இன்று என் முறம் சும்மா கிடக்கிறது,
இந்த நடைக்குத் தரும் பணம்
அதன் பாதிக்கும் காணாது.
"தள்ளிக்கோ" என்று உட்கார்ந்தேன்.
நான் இருபது சுற்றுவதற்குள்
அவள் இரண்டு இட்லியும் நாலு மாத்திரையும்.
"உன் கட்டு லூசு" என்றாள், விரலை நீட்டியபடி.

மாசி மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு வந்து
விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள்.
அந்தப் புழு பகலில் தோல் பக்கமே வராதாம்.
"அதுக்கும் நைட் ஷிப்டா?" என்றான்
மில்லுக்குப் போகிற கன்னியப்பன்.
குத்திக்கொள்ளாமல் போய்விட்டவன் அவன்.
இன்றும் அவனே வாசலில்,
லுங்கியைத் தூக்கிக் காட்டுகிறான்:
"பாரு, சிலை மாதிரி காலு. எனக்கு இன்னாத்துக்கு?"
வாங்கினான். போட்டான். குடித்தான்.
"நாக்கைத் தூக்குண்ணா."
கடைவாயில் நாலும் ஏலக்காய் மாதிரி ஒதுங்கியிருந்தன.
தெருவே சிரித்தது.
சிரிப்புக்குப் பயந்து விழுங்கினான்.

முப்பத்தேழாவது வீடு.

போன வருடப் பதிவேட்டில் அதற்கு நேரே
'பூட்டியிருந்தது'.
என் கையெழுத்து.
பூட்டில்லை. கதவு ஒருக்களித்திருந்தது,
உள்ளே வாளியில் கால் வைத்து
சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார் துளசிங்கம்.
அந்தக் காலை நான் பார்த்தேன்.
பார்த்ததால்தான் எழுதினேன்.

இந்த முறை தட்டினேன்.
விரலிடுக்கெல்லாம் துணியால் ஒற்றிக்கொண்டே கேட்டார்,
"இத்த முழுங்கினா இது எறங்குமா?"

பொய் சொல்லாதே என்றும் பயிற்சியில் இருந்தது.
அதை ஒரு முறைதான் சொன்னார்கள்.

"எறங்காதுண்ணா."

பக்கத்து வீட்டில் நாடா
போய் வந்தது, போய் வந்தது.

"அப்ப யாருக்கு?"

சாக்கடைக்கு அந்தப் பக்கம்
எதிர்வீட்டுக் குழந்தை பாவாடை ஈரமாக
ஒரு மூடியில் தண்ணீர் மொண்டு
இன்னொரு மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் அங்கேதான் பார்த்தார்.

ஒவ்வொன்றாக விழுங்கினார்.
நாலு முறை தொண்டை ஏறி இறங்கியது.
நாக்கைத் தூக்கச் சொல்ல வாய் வரவில்லை,
அவரே தூக்கிக் காட்டினார்.
"செவுத்துல பெருசா எழுதும்மா.
போன வருசமும் நான் உள்ளதான் இருந்தேன்."

எழுதினேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

மாலை சபீனா என் முன்னால் தட்டை வைத்து
நான் தின்று முடிக்கும்வரை நின்று
"ம், நாக்கு" என்றாள்.

ராத்திரி பதினொன்றுக்கு போன்.
கன்னியப்பன்.
"இன்னா மாத்திரை குடுத்த நீ?
ஜுரம் கொதிக்குது. தலை சுத்துது."
"டாக்டருகிட்ட சொல்லிடறேன், காலையில வருவாரு.
பயப்படாதண்ணா.
உள்ள இருக்கற புழு சாவும்போது
அப்பிடித்தான் காயும்."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
அவன் வீட்டு மின்விசிறி மட்டும்
கடகடவென்று கேட்டது.

"உள்ளன்னா," என்றான்,
"எனக்குள்ளயா?"