பச்சைக் கயிறு

பம்புக்கு வாஷர் வந்து சேரும்வரை
ஆறு மணி நேரம் தந்தார்கள்.
பென்சிகர் ஷ்வேதகோன் பார்க்கப் போனான்,
தொப்பியும் செல்போனுமாக.
மினுங்குகிறவற்றின் முன்னால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.
போட்டடாங் ஜெட்டியில் இறங்கி
எண்ணே பேராயிருக்கும் தெருக்களில் நடந்தேன்.
ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு,
எங்கோ பூஜ்யம் இருக்கும்போல.

மழை விட்டிருந்தது. சுவர்ப்பாசி
மூன்றாம் மாடிவரை ஏறி
ஜன்னலோரம் நின்றுவிட்டது.
நடைபாதையில் ஒரு ஜெனரேட்டர் இருமியது.
ஒவ்வொரு கட்டடத்தின் முகத்திலும்
கயிறுகள்.
நுனியில் கிளிப், உச்சியில் மணி.
செய்தித்தாள், கரண்ட் பில், ஒரு கொத்துக் கறிவேப்பிலை
எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன,
ஆள் ஏறாமல்.

பச்சை நைலான் ஒன்றைச் சும்மா இழுத்தேன்.
கப்பலில் எந்தக் கயிற்றையும்
சும்மா இழுக்கக் கூடாது. தெரியும்.

நாலாம் மாடியில் மணி.
முகம் வரவில்லை.
கடிகாரத்தை உட்புறமாய்க் கட்டிய கை ஒன்று
கயிற்றைச் சுருட்டி ஏற்றிப்
பிறகு இறக்கியது:
ஒரு தூக்குவாளி,
மூடிக்குள் மடித்த இரண்டாயிரம் கியாட்.

திரும்ப இழுத்தேன். மணி அடித்தது.
என்னை நம்பிவிட்டுக்
கை உள்ளே போய்விட்டிருந்தது.

தூக்குவாளியோடு நிற்கிறவன்
வெளியூர்க்காரனாய்த் தெரிவதில்லை.
லுங்கி கட்டிய ஒருவர்
என்னிடம் வழி கேட்டார்.
முனைக் கடைப் பையன் என்னைப் பார்க்கவேயில்லை,
தூக்கின் நசுங்கலைப் பார்த்தான்.
கேட்காமலே மொய்ங்கா ஊற்றி,
வடையைத் தனிப் பொட்டலமாய்க் கட்டி,
மீதியை மூடிக்குள் மடித்து வைத்தான்.

திரும்பி வந்தால் கயிறு ஏழு,
அதில் பச்சை மூன்று.
முதல் பச்சைக்குப் பர்மியத் திட்டு.
இரண்டாவதில் அந்தக் கை.
தூக்கு ஆடி ஆடி ஏறியது,
சொட்டுகூடச் சிந்தாமல்.
கம்பிகளுக்குப் பின்னிருந்து, தமிழில்:
"எம்மா நேரம்டா? பசிக்குது."
"மழைங்க."
"மழை நின்னு ஒரு மணி நேரமாச்சு."
அப்புறம் கொஞ்சம் தாழ்ந்து,
"குரல் வேறயா இருக்கே. யாரு நீ?"
வாஷருக்குக் காத்திருப்பவன் என்று
நாலு மாடிக்குக் கத்த முடியுமா.
"புது ஆளுங்க."
கயிறு மறுபடி இறங்கியது,
கிளிப்பில் இருநூறு கியாட்,
நடுவில் கிழிந்து ஒட்டியது.

இரவு பென்சிகர் நூற்றுப்பத்துப் படம் காட்டினான்.
எல்லாவற்றிலும் தங்கம், எல்லாவற்றிலும் அவன்.
"நீ எங்கலே போன?"
"வேலைக்கு" என்றேன்.
படுக்கை விளக்கடியில்
சம்பளம் காய்ந்துகொண்டிருந்தது.