பன்னிரண்டாவது கோப்பை

பெல்கிரேடில் வியாழன் இரவு.
பில்லியர்ட்ஸ் மேசைமேல் பலகை போட்டு
கடை விரித்தோம்.
மிலெவா அச்சடித்த டிராம் படங்கள்,
ஓக்னியன் தைத்த பைகள்,
என் மண்கோப்பைகள் பன்னிரண்டு.

எல்லாரும் கையிலெடுத்துப் பார்த்தார்கள்,
கவிழ்த்து விலையைப் பார்த்தார்கள்,
வைத்தார்கள்.

பத்தரைக்குக் கண்ணாடிக் குவளைகள் தீர்ந்துபோக
"கொஞ்சம் கொடேன்" என்று
பார்க்காரன் என் கோப்பைகளில்
பிளம் சாராயம் ஊற்றத் தொடங்கினான்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
ஊற்றிய ஒன்று
ஏற்கெனவே என் கையில் இருந்தது.

நள்ளிரவில் பாத்திரத் தொட்டியில்
நானே கழுவினேன்:
உதட்டுச் சாயம், எலுமிச்சை விதை,
நனைந்த சிகரெட் நுனி.
எண்ணினால் பதினொன்று.

யாரோ கோட்டுப் பைக்குள் போட்டு
பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்,
கைப்பிடி கோணலான அந்த ஒன்றை,
விலை ஒட்ட நான் கூசியதை.